பேன், சொறி, மூட்டைப்பூச்சி: கடை வீட்டாருக்கு ஒரு பாடம்

 

கொள்முதல், விற்பனை, வாடகை, வரி ஆகியவற்றைப் பற்றி நாம் கூடுமிடமெல்லாம் பேசுகிறோம். ஆனால் கடை மாடியில் படுத்துறங்கும் சிப்பந்திகளும், வீட்டில் நம் பிள்ளைகளும் இராப் பொழுதில் தலையையும் விரலிடுக்கையும் சொறிந்துகொண்டிருப்பதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்கிறோம். இவ்வாறு மூடி வைப்பதனாலேயே ஒருவருக்கு வந்தது ஒன்பது பேருக்குப் பரவுகிறது. பிறகு பொறுமையிழந்து, கையில் அகப்பட்ட விஷ மருந்தைத் தலையிலும் படுக்கையிலும் ஊற்றுகிறோம். பூச்சியால் போகாத உயிர் இந்த மருந்தால் போய்விடக் கூடும். ஆகையால் இதைப் பாடமாகவே எழுதலாமென்று துணிந்தேன்.

வெட்கத்தை முதலில் விடுவோம்

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628-இல், நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் உம்ராவை நாடித் தோழர்களுடன் புறப்பட்டு ஹுதைபிய்யாவில் தங்கியிருந்தார்கள். கஅப் இப்னு உஜ்ரா ரலியல்லாஹு அன்ஹு என்ற ஸஹாபி அங்கே இஹ்ராமுடன் சட்டிக்கு அடியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. இதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விலகி நிற்கவும் சொல்லவில்லை. தலையிலுள்ளவை உமக்குத் துன்பம் தருகின்றனவா என்று விசாரித்து, இஹ்ராமில் இருந்தபோதிலும் தலையைச் சிரைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். அதற்குப் பரிகாரமாக 3 நாள் நோன்பு நோற்கலாம், அல்லது 6 ஏழைகளுக்கு உணவளிக்கலாம், அல்லது ஓர் ஆடு அறுக்கலாம் என்று விதிக்கப்பட்டது. ஸூரத்துல் பகராவின் 196-ஆம் வசனத்தில், தலையில் உபத்திரவம் உள்ளவருக்குரிய சலுகை இருப்பதை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள்.

போர்ப் பயணமொன்றில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவரும் பேன் தொல்லையை முறையிட்டபோது அவர்களுக்குப் பட்டாடை அணிய அனுமதி கிடைத்ததென்று புகாரியில் வருகிறது. சொறியின் காரணமாக அனுமதி தரப்பட்டதென்ற அறிவிப்பும் உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவின் பெருவணிகர்களில் ஒருவர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். செல்வம் உள்ளவருக்கும் பேன் வரும், சுத்தமுள்ளவருக்கும் வரும். ஒளுச் செய்து ஐந்து வேளை தொழுபவரின் தலையையும் அது விட்டு வைப்பதில்லை. தலையோடு தலை சேருமிடமெல்லாம் பேன் ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சம்பவங்களிலிருந்து நாம் படிக்க வேண்டியவை இரண்டு. துன்பப்படுகிறவனைக் கேட்டறிய வேண்டும்; கேட்ட பின் பரிகாரம் செய்து கொடுக்க வேண்டும்.

தலைப்பேன்

பேன் என்பது எள்ளளவுள்ள பூச்சி. அதற்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. முடியைப் பற்றிக்கொண்டு நடக்க மட்டுமே அதற்குத் தெரியும். தலையிலுள்ள இரத்தத்தை நாளில் பல தடவை குடித்தாக வேண்டும். தலையை விட்டுக் கீழே விழுந்தால் 1 நாள், மிஞ்சினால் 2 நாளில் மாண்டுபோகும். ஆகவே வீட்டிலுள்ள நாற்காலி, பாய், சுவர் ஆகியவற்றிலெல்லாம் மருந்தடிப்பது வீண் செலவு. தொப்பி, தலைத்துண்டு, சீப்பு, தலையணை உறை ஆகியவற்றால் பரவுவது குறைவுதான். என்றாலும் பேன் காணப்பட்ட வீட்டில் அவற்றை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாமல் இருப்பது நலம்.

பெட்டைப் பேன் நாளொன்றுக்கு 8 முட்டை வரை இடும். அந்த முட்டையைத்தான் ஈர் என்கிறோம். தலைத்தோலை ஒட்டி, அரைக்கால் விரலளவு தூரத்திற்குள், முடியோடு முடியாகப் பசையால் ஒட்டி வைக்கும். பொடுகு ஊதினால் பறக்கும். ஈர் இழுத்தாலும் வராது. முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். ஆகையால் தோலுக்கு வெகு தூரத்தில், முடியின் நடுவில் காணப்படும் வெள்ளை ஈர் பெரும்பாலும் பொரித்துப் போன வெற்றுக் கூடுதான். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. உயிருள்ள பேன் ஓடுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. காதுக்குப் பின்புறமும் பிடரியும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. சொறிவதனால் தோல் புண்ணாகிச் சீழ் வைக்கலாம், உறக்கம் கெடலாம். தொந்தரவு அவ்வளவே. இதைத் தெரிந்துகொண்டால் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பத்து நாள் வீட்டில் முடக்கி வைக்கவோ, கடைப் பையனைப் பந்தியிலிருந்து எழுப்பித் தனியே உட்கார வைக்கவோ நமக்கு மனம் வராது.

தவணை நாட்கள்

மருந்து போட்டும் பேன் போகவில்லை என்று குறைப்படுகிறவர்களில் பலர் நாட்கணக்கைத் தவற விட்டவர்கள். நம் பேரேட்டுக் கணக்கைக் கொண்டே இதைச் சொல்லுகிறேன். தலையில் ஓடும் பேன் கைக்கு வந்த பாக்கி; இன்றே வசூலித்துவிடலாம். ஈர் என்பது தவணை வைத்த பாக்கி. அது 7 முதல் 10 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு முதிர்ந்து தானும் முட்டையிட மேலும் 9 முதல் 12 நாளாகும். பல மருந்துகள் ஓடும் பேனைக் கொல்லுமே தவிர எல்லா ஈரையும் கொல்லுவதில்லை. ஆதலால் ஒரு நாள் மருந்து போட்டுவிட்டு ஓய்ந்தால், பத்தாம் நாள் பழைய கணக்கே திரும்ப நிற்கும்.

சீப்பு முறை: காசு அதிகம் செலவாகாதது, சிசுக்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. தலையை நனைத்துக் கண்டிஷனர் தாராளமாகத் தடவி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். பிறகு பல் நெருக்கமான பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து முடியின் நுனி வரை இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். வகிடு வகிடாக முழுத் தலையையும் இரண்டு தரம் இழுக்க வேண்டும். இதை 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் செய்து, 17-ஆம் நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். முதல் நாளில் இருந்த ஈரெல்லாம் 13 நாளுக்குள் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு முட்டையிடும் வயதை அடையும் முன்பே நம் சீப்பில் அகப்பட்டுவிடும். நான்கு நாளுக்கொரு முறை என்று வைத்ததன் இரகசியம் இதுதான்.

மருந்து முறை: மருந்துக்கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் கிடைக்கும். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெயும் கிடைக்கும். பெர்மெத்ரின் பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. அதற்கு மசியாத பேன்கள் இப்பொழுது பல நாடுகளில் பெருகிவிட்டன. டைமெத்திகோன் பேனை மூடி மூச்சடைக்கச் செய்வதால், இந்தத் தொல்லை அதற்குக் குறைவு. எதை வாங்கினாலும் பெட்டியில் எழுதியுள்ள நேரம் வரை வைத்திருந்து அலசி, 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாம் முறையும் தவறாமல் போட வேண்டும். பெர்மெத்ரின் போடும் முன்பு கண்டிஷனர் தடவினால் மருந்தின் வேகம் குறையும். ஆதலால் இரண்டு முறைகளையும் ஒரே வேளையில் கலக்கலாகாது.

தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றைப் பாட்டிமார் காலத்திலிருந்து தடவி வருகிறோம். எண்ணெய் பேனின் ஓட்டத்தைத் தடுத்துச் சீப்புக்கு உதவும். எண்ணெய் மட்டுமே தலையைத் தீர்க்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். தலையைச் சிரைப்பது ஆண்களுக்கு எளிய வழி. பற்றிக்கொள்ள முடி இல்லாத தலையில் பேன் தங்காது. பெண் பிள்ளைகளின் கூந்தலை இதற்காக வெட்டி அவர்களை அழ வைக்க வேண்டிய அவசியமில்லை. சீப்பு உண்டு, நாட்கணக்கு உண்டு.

வீட்டில் ஒருவருக்குக் கண்டால் அன்றே எல்லார் தலையையும் பார்த்து, பேன் உள்ள அனைவருக்கும், அவர்களோடு ஒரே படுக்கையில் படுப்பவர்களுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். இன்று ஒருவர், அடுத்த வாரம் ஒருவர் என்றால் பேன் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்.

சீலைப்பேன்

தலைப்பேனுக்கு உறவான சீலைப்பேன் ஆடையின் மடிப்பிலும் தையலிலும் குடியிருந்து, உடம்பில் இரத்தம் குடிக்கும். நோயைச் சுமப்பது இதுதான். யுத்த காலங்களிலும் சிறைகளிலும் பெருந்தொகையானவர்களைக் கொன்ற டைஃபஸ் காய்ச்சல் இதன் மூலம் பரவியது.

இதைக் கண்டறிந்த விதம் நமக்கெல்லாம் படிப்பினையானது. துனிஸ் நகரில் ஷார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு வைத்தியர் இருந்தார். டைஃபஸ் நோயாளிகள் தெருவிலும் வீட்டிலும் பிறருக்கு நோயைக் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கும் துணி வெளுப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் குளிப்பாட்டி வேற்று ஆடை உடுத்தி வார்டில் படுக்க வைத்த பின் எவருக்கும் கொடுப்பதில்லை. இதை அவர் கவனித்தார். அப்படியானால் நோய் கழற்றிப் போட்ட துணியோடு போய்விட்டது என்று ஊகித்து, 1909-இல் குரங்குகளைக் கொண்டு சோதித்துச் சீலைப்பேனே காரணமென்று நிரூபித்தார். 1928-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தினம் குளித்து, துவைத்த ஆடை உடுத்தும் நம்மவரிடம் சீலைப்பேன் அரிது. மாற்றுத் துணியின்றி வந்து சேரும் ஏழைகளிடம் இருக்கலாம். ஆகையால் புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே இரண்டு கைலியும் இரண்டு சட்டையும் வாங்கிக் கொடுப்பது ஸதகா மட்டுமன்று, சுகாதாரமுமாகும்.

சொறிசிரங்கு

மூன்றாவது எதிரி கண்ணுக்கே தெரியாதது. சிரங்குப் பூச்சி அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. தோலைக் குடைந்து உள்ளே சென்று முட்டையிடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மறைவிடம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளமும், இரவில் தாங்க முடியாத அரிப்பும் காணும். 1162-இல் வஃபாத்தான ஸ்பெயின் தேசத்து வைத்திய மேதை இப்னு ஸுஹ்ர், தோலின் கீழ் ஊரும் நுண்ணிய பூச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு இதைக் கண்டு எழுதியது 1687-இல்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் இதனைக் கவனிப்பாரற்ற வெப்ப மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. முதன்முறை இந்தப் பூச்சி ஏறினால் 4 முதல் 6 வாரம் வரை அரிப்பே தெரியாது. அத்தனை நாளும் அவரிடமிருந்து மற்றவர்களுக்கு ஏறிக்கொண்டிருக்கும். கடை மாடியில் 8 பேர் படுக்கிறார்கள், ஒருவர் சொறிகிறார். மற்ற 7 பேரும் தமக்கு ஒன்றுமில்லை என்பார்கள். அவர்களில் சிலரிடம் தவணை இன்னும் வரவில்லை என்பதே பொருள். ஆகையால் பேனுக்குச் சொன்னது போல் உள்ளவருக்கு மட்டும் என்று இதில் கொள்ளலாகாது. அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கூரையின் கீழ் படுப்போர் அனைவரும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும்.

5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக் கண்ணும் தொப்புளும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும். இஷாத் தொழுகைக்குப் பின் பூசி, காலையில் குளிப்பது சௌகரியம். இடையில் ஒளுச் செய்து கை கழுவினால் கையில் திரும்பப் பூசிக்கொள்ள வேண்டும். 7 நாள் கழித்து இரண்டாம் முறை பூச வேண்டும். சிசுக்களுக்குத் தலையிலும் பூச வேண்டியிருக்கலாம். அதை டாக்டரிடம் கேட்டே செய்க.

ஐவர்மெக்டின் என்ற மாத்திரையும் உண்டு. ஜப்பான் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரைக் கொண்டு உருவான மருந்து இது. இதற்காக ஸதோஷி ஒமுரா, வில்லியம் காம்ப்பெல் ஆகிய இருவரும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எடையைப் பார்த்து டாக்டர் அளவு சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இதைக் கொடுப்பதில்லை. ஆடு மாடுகளுக்கு விற்கும் ஐவர்மெக்டினை மனிதர் எவரும் தொடலாகாது. அதன் அளவே வேறு.

மருந்து பூசும் நாளில், முந்தைய 3 நாட்களில் உபயோகித்த துணி, துண்டு, விரிப்பு யாவற்றையும் சுடுநீரில் துவைத்து நன்றாக உலர்த்த வேண்டும். துவைக்க இயலாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் பூச்சி பட்டினியில் சாகும். பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கும். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று தினந்தோறும் பூசித் தோலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வாரத்திற்கு மேலும் புதுக் கொப்புளம் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மூட்டைப்பூச்சி

பேனும் சிரங்குப் பூச்சியும் நம் உடம்பில் குடியிருப்பவை. மூட்டைப்பூச்சியோ நம் வீட்டில் குடியிருந்து இரவில் மட்டும் வந்து குடித்துவிட்டுப் போகும். கட்டில் இடுக்கு, மெத்தைத் தையல், சுவர் வெடிப்பு, சாமான் பெட்டி இவை அதன் இருப்பிடங்கள். விரிப்பில் இரத்தப் புள்ளியும் மெத்தை ஓரத்தில் கருமை நிறப் புள்ளிகளும் அதன் அடையாளம். நோய் எதையும் இது பரப்புவதாக நிரூபணமில்லை. உறக்கத்தைக் கெடுப்பதில் மட்டும் இதற்கு நிகர் இல்லை. உறங்காத சிப்பந்தி காலையில் தராசில் தவறு செய்வான் என்பதை முதலாளிமார் அறிவீர்கள்.

இது பயணிகளோடு பயணம் செய்யும் பூச்சி. ஊருக்குப் போய் வரும் பெட்டி, பழைய கட்டில், பிறர் விற்ற மெத்தை ஆகியவற்றில் வந்து சேரும். ஆகாரமின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும். அறையைப் பூட்டிப் போட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் போய்விடும் என்பது வீண் நம்பிக்கை. டி.டி.டி. வந்த காலத்தில் இதன் வம்சமே ஒழிந்ததென்று எண்ணினார்கள். 1940-களின் இறுதியிலேயே அந்த மருந்துக்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் தோன்றிவிட்டன. இன்று கடையில் விற்கும் பல ஸ்ப்ரேக்களுக்கும் இதே கதிதான். ஸ்ப்ரே அடித்தால் சில சாகும். மிஞ்சியவை பக்கத்து அறைக்குக் குடிபெயரும்.

சூடுதான் இதற்கு நிச்சயமான மருந்து. விரிப்பையும் உறையையும் 60 டிகிரி சுடுநீரில் துவைக்க வேண்டும். இரும்புக் கட்டிலின் மூட்டுகளில் கொதிநீரை ஊற்றலாம். மெத்தைத் தையலுக்கு நீராவிக் கருவி நல்லது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, கால்களை வழவழப்பான கிண்ணங்களில் நிறுத்தினால் பூச்சி ஏற முடியாது. சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். முட்டை 6 முதல் 10 நாளில் பொரிப்பதால், 10 முதல் 14 நாள் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். இங்கும் தவணைக் கணக்கே. வீடு முழுதும் பரவிவிட்டால் லைசென்ஸ் பெற்ற பூச்சி ஒழிப்புக்காரரை அழைப்பதே சிக்கனம்.

கிட்டங்கி விஷம் படுக்கைக்கு வேண்டாம்

சகோதரர்களே, இந்தப் பாடத்தில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இதுதான். இதை மட்டும் இரண்டு முறை வாசிக்க வேண்டுகிறேன்.

அரிசி, பருப்பு, மிளகாய் வியாபாரம் செய்யும் நம் கிட்டங்கிகளில் வண்டுக்காகப் போடும் அலுமினியம் பாஸ்பைடு வில்லைகள் இருப்பதுண்டு. காற்றின் ஈரம் பட்டதும் அவ்வில்லை பாஸ்பீன் என்ற விஷ வாயுவைக் கக்கும். பயிற்சி பெற்றவர் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, ஆளில்லாத இடத்தில் உபயோகிக்க வேண்டிய சரக்கு அது. அதை மூட்டைப்பூச்சிக்காக உறங்கும் அறையில் போடுவது கொலைக்கு ஒப்பாகும். வாயு சுவர் இடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் மேல் மாடிக்கும் பரவும். அவ்வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. நாற்றம் அடிக்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று கொள்ளவும் முடியாது.

அவ்வாறே தோட்டப் பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து தலையில் தேய்ப்பதும், படுக்கையில் தெளிப்பதும் பேராபத்து. மலத்தியான் போன்றவை தோல் வழியாகவே உடம்பில் ஏறும். எச்சில் வடிதல், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் இவை அதன் அடையாளம். அப்பொழுது ஆடையைக் கழற்றி, சோப்பு நீரால் உடம்பைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எவரேனும் விஷத்தைக் குடித்துவிட்டால் வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்கச் செய்யலாகாது.

தலையில் மண்ணெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். அடுப்பருகிலோ சிகரெட் நெருப்பிலோ பட்டால் தலை பற்றி எரியும், தோலும் வெந்துபோகும். ஒரு காலத்தில் பேனுக்கும் சிரங்குக்கும் டாக்டர்களே எழுதிக் கொடுத்த லிண்டேன் என்ற மருந்து 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டிய விஷங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. முன்பு பலர் உபயோகித்தார்கள் என்பது ஒரு மருந்துக்கு நற்சாட்சி ஆகாது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

விற்பனை செய்யும் நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பெரிய டின்னில் வரும் பூச்சி மருந்தைச் சிறு புட்டிகளில் ஊற்றிப் பெயர்ச் சீட்டு இல்லாமல் விற்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வாங்குகிற தாய் அதைத் தன் பிள்ளையின் தலைக்கா, தோட்டத்துச் செடிக்கா உபயோகிக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம், பதிவு பெற்ற மருந்தைத்தான் விற்க வேண்டுமென்கிறது. சட்டம் பார்க்காவிட்டாலும் ரப்பு பார்க்கிறான். சரக்கின் குறையை மறைத்து விற்கலாகாது என்று கற்ற நாம், சரக்கின் விஷத்தை மறைத்து விற்கலாமா?

முதலாளி செய்ய வேண்டியது

நம்மிடம் வேலை செய்பவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். சொறி வந்தால் வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மறைத்துக்கொள்வார்கள். மறைப்பது அவர்கள் குற்றமல்ல. அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாம். “பேன் இருந்தாலும் சிரங்கு இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள், சம்பளத்தில் பிடிக்கமாட்டேன், மருந்துச் செலவு கடையுடையது” என்று முதலாளி வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் பாதி வியாதி அன்றே தீரும்.

இடநெருக்கடியும் முக்கியக் காரணம். ஒரே பாயில் மூவரும், ஒரே தலையணையில் இருவரும் படுத்தால் எந்த மருந்தும் நிலைக்காது. மலேசியாவில் 446-ஆம் எண் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு 2020-இல் அமலுக்கு வந்தது. அதன் விதிகளின்படி முதலாளி தரும் தங்குமிடத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிக் கட்டிலும், 4 அங்குலக் கனமுள்ள மெத்தையும், தலையணையும், போர்வையும், பூட்டக்கூடிய அலமாரியும் கொடுக்க வேண்டும். கூட்டு விடுதி அல்லாத தங்குமிடத்தில் படுக்கையறையில் தலைக்கு 3.6 சதுர மீட்டர் இடம் இருக்க வேண்டும். அபராதத்திற்குப் பயந்து செய்வதைவிட, நாம் உடுத்துவதையும் உண்பதையும் போல நம்மிடம் உள்ளவர்களுக்கும் கொடுக்க வேண்டுமென்ற நாயகத்தின் போதனையை எண்ணிச் செய்தால் நன்மையும் சேரும்.

மருந்துக்கடையிலோ அரசாங்கக் கிளினிக்கிலோ மலாயில் கேட்க வேண்டியிருந்தால், பேனுக்குக் ‘கூத்து’ என்றும், சொறிசிரங்குக்குக் ‘கூடிஸ் பூத்தா’ என்றும், மூட்டைப்பூச்சிக்குப் ‘பிஜாட்’ என்றும் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

மனத்தில் வைக்க

1. பேன் அசுத்தத்தின் அடையாளமன்று. கேட்டறிந்து பரிகாரம் செய்க.

2. பேன்: சீப்பு முறைக்கு 1, 5, 9, 13; சோதனைக்கு 17. மருந்து முறைக்கு 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாம் தரம்.

3. சிரங்கு: அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவருக்கும் ஒரே இரவில், 7 நாள் கழித்து மறுபடி.

4. மூட்டைப்பூச்சி: சூடு, அடைப்பு, 10 முதல் 14 நாளில் மறுபடி.

5. கிட்டங்கி வில்லை, பயிர் மருந்து, மண்ணெண்ணெய், மாட்டு மருந்து இவை மனித உடம்புக்கும் படுக்கைக்கும் ஒருபோதும் வேண்டாம்.

6. சிசுக்கள், கர்ப்பிணிகள், சீழ் வைத்த புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே மருந்திட வேண்டும்.

கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வாடகை நாளையும் சம்பள நாளையும் வட்டமிட்டு வைக்கிறோம். தேவை வரும்போது இந்தத் தவணை நாட்களையும் வட்டமிட்டு வையுங்கள். இதழை வாசித்த பின் கடை மாடியில் இருப்போருக்கும் ஒருவர் உரக்க வாசித்துக் காட்டட்டும். வல்ல அல்லாஹ் நம் வீட்டாருக்கும், நம்மை நம்பி வந்தவர்களுக்கும் தேக சுகத்தையும் அமைதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.